மாடிக்கு மாடி

எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட் கிடையாது. நான்காவது மாடி ரெஜினா அக்கா சாயங்காலம் வேலை முடிந்து ஏறி வரும்போது மாடிக்கு மாடி நின்று விசாரிப்பாள். முதல் மாடியில் அந்த வீட்டு மாமியாரின் முழங்கால் வலி. மூன்றாவதில் என் மல்லிகைத் தொட்டி. "மொட்டு விட்டுச்சா?" என்று கேட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து நான் சொல்வதை முழுக்கக் கேட்பாள். அவளைப் புகழாத வீடு இங்கே இல்லை.

நேற்று அவளுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டையாம். சின்ன வயதிலேயே ஆபரேஷன் செய்து அடைத்துவிட்டார்களாம். அதுவரை எனக்கு இது தெரியாது. குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்த டாக்டர், "இதயம் நல்லா இருக்கு. நுரையீரல்தான் பாதி அளவுக்கு வேலை செய்யுது. உங்களை மாதிரி பிறந்தவங்களுக்கு இப்படி இருக்கிறதுண்டு. நாலு மாடி எப்படிம்மா ஏறுறீங்க?" என்றார்.

"அங்கங்க நின்னு பேசிட்டே ஏறிடுவேன் டாக்டர். மூச்சு வாங்குறது யாருக்கும் தெரியாது."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாக என் மல்லிகை வெறும் சாக்குதானா?

இன்று காலை கதவைத் திறந்தபோது, வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கி வந்த அக்கா என் தொட்டியருகே குனிந்து நின்றிருந்தாள்.

"இன்னும் மொட்டு விடலையே. தண்ணி ஜாஸ்தியா ஊத்துறியா?"

படியிறங்கும்போது அவளுக்கு மூச்சு வாங்குவதில்லை.