கை காட்டாத வீரன்

புத்தகக் கண்காட்சியில் சித்திரக்கதைக்காரருக்குத் தலைநிமிர நேரமில்லை. தானே வரைந்து, தானே அச்சடித்த புத்தகங்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி.

ஒரு சிறுமி இடது கையால் புத்தகத்தை நீட்டினாள்.

"பெரியவங்ககிட்ட வலது கையாலதான் குடுக்கணும்மா" என்று சிரித்தார்.

அவள் கையை மாற்றவில்லை. "உங்க வீரன் ஏன் எப்பவும் ரெண்டு கையையும் பாக்கெட்லயே வச்சிருக்கான்? சண்டைலகூட உதைக்க மட்டும்தான் செய்றான்?"

பேட்டிகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில் தயாராக இருந்தது. "நிஜமான வீரன் அலட்டிக்க மாட்டான்மா. எதிரிக்குக் காலே போதும்னு நிப்பான்."

மனைவி வேறுபக்கம் திரும்பிக்கொண்டாள். அவருக்கு விரல் வரைய வராது. வரைந்தால் வெண்டைக்காய்க் கட்டு மாதிரி இருக்கும். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"பொய் சொல்றீங்க. எனக்கு உண்மை தெரியும்" என்றாள் சிறுமி.

போச்சு, குட்டு உடைந்தது! அவர் மனைவியைப் பார்த்தார்.

சிறுமி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கவுன் பாக்கெட்டிலிருந்து வலது கையை மெல்ல வெளியே எடுத்தாள். அதில் விரல்களே இல்லை.

"அவனுக்கும் இப்படித்தானே? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"ஆமாம்மா" என்றவர், பேனா பிடித்திருந்த ஐந்து விரல்களையும் எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் தவித்தார்.