பன்னிரண்டு கேள்வித் துப்பாக்கி

சுடுவதற்கு முன் மாரப்பனின் துப்பாக்கி பன்னிரண்டு கேள்வி கேட்கும். புதுச் சட்டம் ஒன்று வரும்போதெல்லாம் கேள்வி ஒன்று கூடும். சுற்றுவட்டாரத்தில் உரிமம் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். அந்தப் பெருமையில் நிமிர்ந்து நின்று பதில் சொல்வார்.

அன்று சாயங்காலம் அவருடைய குச்சிக்கிழங்குக் காட்டில் ஏழு காட்டுப்பன்றிகள் இறங்கின. பாதி விளைச்சல் ஏற்கெனவே அவற்றின் வயிற்றுக்குள் போயிருந்தது.

"இப்பகுதியில் தேர்தல் நடத்தை விதி அமலில் உள்ளதா?" என்றது துப்பாக்கி.

"இல்லீங்க."

பதினொரு கேள்விகள் ஒருவழியாக முடிந்தன. கடைசிக் கேள்வி வந்தது.

"இன்று யாரிடமாவது கோபப்பட்டீர்களா?"

"இல்லைன்னு சொல்லித் தொலைங்க" என்றாள் மனைவி பாவாயி.

சட்டத்திடம் பொய் சொல்வதா? "மத்தியானம் வீட்டுக்காரிகிட்டங்க. குழம்புல உப்பில்ல."

துப்பாக்கி ஒரு நாளைக்குப் பூட்டிக்கொண்டது. அதற்குள் பக்கத்துக் காட்டில் வெடிச்சத்தம். வையாபுரியின் கள்ளத் துப்பாக்கி யாரையும் எதுவும் கேட்பதில்லை. பன்றிகள் சிதறி ஓடின.

காலையில் எஸ்.ஐ. ஜீப்பில் வந்து மாரப்பனின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டார். "இந்த ஏரியாவுல வெடி கேட்டிருக்கு. ரெஜிஸ்டர்ல இருக்கறது உங்க பேரு மட்டும்தான். லைசென்ஸ் ரத்து."

"என்னுது பூட்டிக் கெடந்ததுங்க. சுட்டது வையாபுரி."

"தெரியும்ங்க. அவன்கிட்ட ரத்து பண்ண என்ன இருக்கு?"

"அப்ப மறுபடி பன்னி வந்தா?" என்றாள் பாவாயி.

ஜீப்பில் ஏறிய எஸ்.ஐ. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வையாபுரிகிட்டச் சொல்லி வைங்கம்மா."