பன்னிரண்டு நாள் தவம்

'கலை என்பது தவம். பன்னிரண்டு நாள் ஏரிக்கரையில் அசையாமல் நின்று எடுத்த படம் இது.'

இப்படி எழுதி, இணையப் புகைப்பட மன்றத்தில் மீன்கொத்திப் படம் ஒன்றைப் போட்டிருந்தார் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். மன்றத்தில் அவரைக் 'குருவே' என்றுதான் அழைப்பார்கள். இன்று ஆண்டின் சிறந்த கலைஞருக்கான வாக்கெடுப்பு. காலையில் கணினியைத் திறந்தவர் அலறினார்.

"ஐயோ, மீன்கொத்தியைக் காணோம்! எவனோ என் கணக்குக்குள்ள புகுந்துட்டான்!"

மனைவி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "யாரும் புகலைங்க. நீங்க மன்றத்துல ஒட்டினது வெறும் லிங்க். படம் இருக்கறது வேற தளத்துல. அங்க படத்தை மாத்தினா இங்கயும் மாறிடும்."

"அங்க யாரால மாத்த முடியும்?"

"அந்தப் படம் இருக்கற ஆல்பத்துக்குச் சொந்தக்காரியால."

அவர் நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினார். "நீ... மன்றத்தையெல்லாம் பார்ப்பியா?"

"பன்னிரண்டு நாள் ஏரிக்கரையில நின்னவளுக்கு, அதைப் பார்க்க ரெண்டு நிமிஷம் கிடைக்காதா?"

'கலை என்பது தவம்' என்ற வரிக்குக் கீழே இப்போது அவர்தான் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார். "குருவே, இதுதான் அந்தத் தவமா?" என்று ஒரு சீடன் கேட்டிருந்தான்.

படத்தில் அவர் வாய் திறந்திருந்தது. எச்சில் தலையணை வரை வந்திருந்தது.