கீழ்த்தளமா, மாடியா?

மூன்றாவது முறையாக வந்த வீட்டு பிளானை, அதிகாரி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். எதிர் நாற்காலியின் நுனியில் இன்ஜினியர் உட்கார்ந்திருந்தார்.

“கீழ்த்தளத்துல கார் ஷெட்டா? பாதிக்கு மேல மண்ணுக்குள்ள இருந்தாத்தான் அது கீழ்த்தளம். இப்படி வெளியே தெரிஞ்சா அதுவும் ஒரு மாடிதான்; மொத்தம் மூணு ஆயிடும். மலைச்சரிவுல ரெண்டு மாடிக்கு மேல கட்டக் கூடாது, தெரியுமில்ல?”

“ஷெட்டே வேண்டாம்னா வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டேங்கிறார் சார்.”

“அவர் பிடிவாதத்துக்காக நான் விதியை வளைக்கணுமா? இன்னும் ஆழமாத் தோண்டச் சொல்லுங்க.”

“தோண்டினா பாறை சார். அதைச் சொன்னாலே எரிஞ்சு விழறார்.”

“அது அவர் பாடு!”

‘நிராகரிக்கப்பட்டது’ என்று முத்திரை ஓங்கி விழுந்தது.

மணி ஐந்தடித்தது. அதிகாரி கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போட்டார். மேஜையைச் சுற்றி வந்து, இன்ஜினியருக்குப் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“ஏன் சார், என் வீட்டு பிளானுக்கு ஒரு கையெழுத்து வாங்க உங்களுக்குத் துப்பில்லையா? வீட்ல அவ என்னை வறுத்தெடுக்கிறா. அடுத்த தடவையாவது அந்த ஆபீசர்கிட்ட கொஞ்சம் அழுத்திப் பேசுங்க!”