நூறாவது ஆள்

"தொண்ணூத்தொம்பது பேர் சரியா இருக்காங்க. ஒரே ஒரு ஆளு நம்ம மார்க்கைக் கெடுக்கிறாரு, டாக்டர்," என்றாள் கொரின்.

சிகிச்சையின் தரத்தைப் பார்த்துத்தான் அரசுக் காப்பீடு பணம் தரும். அந்தத் தர அறிக்கையைச் சின்ன கிளினிக்குகளுக்குத் தயாரித்துக் கொடுப்பது அவள் தொழில். பன்னிரண்டு வருடங்களில் அவள் கைப்பட்ட எந்தக் கிளினிக்கும் மார்க் இழந்ததில்லை. நெப்ராஸ்காவின் இந்த ஒற்றை டாக்டர் கிளினிக்கும் இழக்கப்போவதில்லை.

"யாரு?" என்றார் டாக்டர் டோலஃப்சன்.

"ஆர்வில் டீட்ஸ். சர்க்கரை நோயாளி. வருஷா வருஷம் பாதத்தைப் பரிசோதிக்கணும். மூணு வருஷமா அந்தக் கட்டத்துல டிக்கே இல்ல."

"அவரை விட்டுடும்மா. அவரு விஷயத்தை நான் குறிப்புல..."

"குறிப்பை யாரு படிக்கிறா? டிக் இல்லேன்னா நீங்க பாக்கலேன்னுதான் அர்த்தம். நானே போன் பண்ணிட்டேன், வந்துட்டிருக்காரு."

"வர்றேன்னு சொன்னாரா?"

"சந்தோஷமா சொன்னாரு. பேசுற விதத்துல பேசினா எல்லாரும் வருவாங்க."

கதவு திறந்தது. சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். அவருடைய பேன்ட் இரண்டு பக்கமும் முழங்காலோடு மடித்துத் தைக்கப்பட்டிருந்தது.

"என் பாதத்தை விசாரிச்சது நீதானாம்மா? ரெண்டையும் எடுத்து மூணு வருஷமாச்சு. அப்புறம் ஒருத்தரும் அதுங்களைப் பத்திக் கேக்கல. நேர்ல பாத்து நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

டாக்டர் திரையில் தன் குறிப்பின் முதல் வரியைக் காட்டினார். கொரின் அதைப் படித்துவிட்டு, 'பொருந்தாது' என்ற கட்டத்தில் டிக் செய்தாள்.

"எத்தனை மார்க்கு?" என்றார் ஆர்வில்.

"டாக்டருக்கு நூத்துக்கு நூறு," என்றாள், தலை நிமிராமல்.