செடி மேல் ஒரு புகார்

காலையில் காலிங் பெல் அடித்தால் டெய்லரம்மாவுக்குத் தெரியும், பக்கத்து வீட்டு டிரைவர்தான். ரிட்டயர் ஆன மனுஷன். பொழுது போக வேண்டாமா? இப்போது ஒரு மாதமாக அவள் வளர்க்கும் பட்டாம்பூச்சிச் செடி மேல் புகார் சொல்ல வந்துவிடுகிறார்.

அது ஆள் உயரத்தைத் தாண்டி, கொத்துக் கொத்தாக ஊதாப் பூ பூத்து, மதில் மேல் சாய்ந்து நின்றது. பூ எது, பட்டாம்பூச்சி எது என்று தெரியாது.

"உங்க செடியால என் ஜன்னல்ல வெளிச்சமே இல்லம்மா" என்றார் டிரைவர்.

வம்பு வேண்டாமென்று முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டாள். வெட்டும்போது அழுகையே வந்தது.

மறுநாளும் பெல். "இப்படி வெட்டிட்டீங்களே, வெயில்ல கண்ணு கூசுது" என்றார்.

டெய்லரம்மாவுக்குத் தலை சுற்றியது. அப்புறம், விதை பறந்து போய் அவர் வீட்டுச் சுவர் விரிசலில் முளைத்திருக்கிறது என்றார். போய்ப் பிடுங்கிப் போட்டாள். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது, எதுக்குப் பிடுங்கினீங்க என்று அதற்கும் ஒரு புகார். இந்த ஆளுக்கு என்னதான் வேணும்? செடிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவளை மேலும் கீழும் பார்ப்பார், பாதிப் புகாரிலேயே கிளம்பிவிடுவார்.

பொறுத்துப் பார்த்துவிட்டு வெளியூர் மகளுக்குப் போன் போட்டாள். டெய்லரம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்ததிலிருந்து, தன்னோடு வந்துவிடச் சொல்லி மகள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். துணைக்கு ஆளாவது வைக்கிறேன் என்றதற்கு, என்னைக் காவல் காக்க யாரும் வேண்டாம் என்று சீறியிருந்தாள் டெய்லரம்மா.

"வீட்டை வித்துட்டு உன்கிட்டயே வந்துடறேன்டி. இந்த ஆளோட மல்லுக்கட்ட என்னால முடியல."

மகள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், அவருக்குப் பரிந்துகொண்டு வந்தாள்.

"அம்மா, அவரைக் கோவிச்சுக்காத" என்றாள். "தினமும் நீ நல்லா எழுந்து நடமாடறியான்னு ஒரு எட்டு பாத்துச் சொல்லுங்கன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். நலம் விசாரிக்க வந்தா நீ கதவைச் சாத்திடுவியே. அதான் செடியைச் சாக்கு வெச்சிருக்கார்."

மறுநாள் காலையில் பெல் அடித்தது. வெட்டிய செடியில் புதுத் துளிர் விட்டிருந்தது.

"உங்க செடி இருக்கே..." என்று ஆரம்பித்தார் டிரைவர்.

"ஆமாங்க, ரொம்ப மோசமான செடி" என்று கதவை அகலத் திறந்தாள் டெய்லரம்மா. "உள்ள வந்து உக்காந்து திட்டுங்க."