இருபத்து மூன்று புள்ளி நான்கு

மூன்றாம் முறையும் பீம்ராவின் அளவு எகிறிவிட்டது. இருபத்து மூன்று புள்ளி நான்கு.

ஆய்வகத்தில் மற்ற எல்லோருக்கும் இருபது மில்லிதான்.

பிப்பெட்டைத் திரும்பவும் கழுவினான். ப்யூரெட்டின் திருகு ஒழுகுகிறதா என்று அடியில் விரல் வைத்துப் பார்த்தான். ஒழுகவில்லை. கரைசலைச் சந்தேகித்தான். பின் மேசைத் தௌசீஃபும் அதே ஜாடியிலிருந்துதான் எடுத்திருந்தான்.

கோளாறு எங்கேயாவது இருந்தாக வேண்டும்.

சுலபமான சோதனை. மேலே ப்யூரெட்டில் பெர்மாங்கனேட். கீழே குடுவையில் இரும்புக் கரைசல். சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையில் முதல் இளஞ்சிவப்பு தோன்றி நிலைத்ததும் நிறுத்த வேண்டும்.

தவறினால் அடுத்த வாரம் திரும்பச் செய்யலாம். அடுத்த வாரம் அவன் இங்கே இருக்க மாட்டான். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன் வேலை, சிக்னல் பார்த்து வண்டிகளைத் தடம் மாற்றிவிடுவது. எழுத்துத் தேர்வு முடிந்தது. உடல் தகுதிக்காக மூட்டை தூக்கி ஓடியதும் முடிந்தது. திங்கட்கிழமை கண்ணும் காதும் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

துறைமுகத்தில் அப்பாவின் முதுகு போன பிறகு வீட்டுக்கு வந்த ஒரே நல்ல கடிதம் அந்த அழைப்புதான்.

நான்காம் முறை. பதினெட்டு. பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று. சொட்டு. இன்னொரு சொட்டு.

தௌசீஃப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

"இன்னா மாமு, அது எப்பவோ ரோஸ் ஆயிட்ச்சு, நீ இன்னும் ஊத்திகினே கீற? கண்ண வூட்ல வச்சிட்டு வந்துட்டியா?"

சிரித்துக்கொண்டே தன் மேசைக்குப் போய்விட்டான்.

பீம்ராவ் குடுவையை வெள்ளைத் தாளின் மேல் வைத்தான். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

தண்ணீர். வெறும் தண்ணீர்.

ஜன்னலுக்கு வெளியே கொருக்குப்பேட்டைத் தண்டவாளங்கள். தூரத்தில் சிக்னல் கம்பம்.

வியாசர்பாடி மொட்டைமாடியிலிருந்து ஐந்து வயதிலேயே அவன் சிக்னல் சொல்லுவான். அம்மா அதைப் பக்கத்து வீடுகளில் எல்லாம் சொல்லித் திரிந்தாள். அடி விளக்கு எரிந்தால் சிவப்பு. அதற்கு மேலே மஞ்சள். அதற்கும் மேலே பச்சை. ஒருநாளும் தவறியதில்லை.

கண்களை மூடிக்கொண்டான். கையைக் குழல்போல் மடக்கி ஒரு கண்ணில் வைத்து, மெல்லத் திறந்தான். தேடித் தேடி ஒற்றை வெளிச்சம் மட்டும் அதற்குள் சிக்கியது. கம்பம் தெரியவில்லை. மேல்விளக்கா அடிவிளக்கா, தெரியவில்லை.

மஞ்சளாக இருக்கலாம். சிவப்பாக இருக்கலாம்.

கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான்.

சரக்கு வண்டி ஒன்று வந்து நின்றது.

அதன் பிறகுதான் அவனுக்கு அது சிவப்பு.